விளக்குகளைக் கழற்றினார்கள், வயர்களை விட்டுவிட்டார்கள்

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் தொடங்கிய கையோடு, வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டப்பட்ட அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினார்கள். கலர் விளக்குகள், காதைக் கிழிக்கும் ஹோர்ன்கள், சாரதியின் பார்வையை மறைக்கும் தொங்கட்டான்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. தனியார் பஸ் சங்கங்களும் ஓட்டோச் சங்கங்களும் எதிர்த்தன. ஆதரித்தவர்களும் குறைவில்லை. இரவில் எதிரே வரும் பஸ்ஸின் நீல வெளிச்சத்தில் கண் கூசி வீதியோரம் சைக்கிளை இறக்கியவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்?

அந்த நாட்களில் ஒருநாள் பின்னேரம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஒரு காட்சியைப் பார்த்தேன். சோதனை நடக்கிறதென்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மினி பஸ்ஸின் நடத்துநர் முன்கண்ணாடிக்கு மேலே ஓடிய எல்ஈடி வரிசையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். வராத இடத்தில் பிளேட்டால் வயரை அறுத்தார். அறுத்த நுனிகளைக் கூரைத்தகட்டுக்குள் விரலால் திணித்துவிட்டு, “முடிஞ்சுது அண்ணை, எடுங்கோ” என்றார். பஸ் புறப்பட்டுவிட்டது. விளக்கு இல்லை. ஆனால், அந்த விளக்குக்கு மின் கொண்டுபோன வயர் இன்னும் பற்றரியோடுதான் இணைந்திருந்தது. அதன் வெறும் நுனி இரும்புக் கூரையின்மேல் கிடந்தது.

அந்த நடவடிக்கையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒழுங்கு, ரசனை, வருமானம் ஆகியவற்றைப் பற்றியவை. வாகனத்துக்குள் மறைந்திருக்கும் வயர்களைப் பற்றி நான் எதையும் வாசிக்கவில்லை. அரசு கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும்தான் சோதிக்கிறது. வாகனத்தை எரிக்கக்கூடியதோ சீற்றுக்கும் தரைவிரிப்புக்கும் அடியில் இருக்கிறது.

நான் மின்பொறியியலாளன் அல்ல. 1990களில் செய்த ஒரு கொரோலாவை வைத்திருப்பவன். அதற்குள் ஒரு பாட்டுச் செற்றும், பின்னால் ஒரு அம்பும், ஒரு பெரிய ஸ்பீக்கரும் பூட்டக் கொடுத்தவன். ஓர் இரவு ஆனையிறவு தாண்டி வரும்போது பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்ததால் வீதியோரம் நிறுத்தி, பொனற்றைத் திறந்து, பற்றரி முனையை வெறுங்கையால் கழற்றியவன். பூட்டிய கடையை இங்கே சொல்லப்போவதில்லை. ஏனென்றால், அன்றிலிருந்து தெரிந்தவர்களின் வாகனங்களையெல்லாம் எட்டிப்பார்க்கத் தொடங்கியதில், அந்தக் கடை மற்றவற்றைவிட மோசமானதல்ல என்று விளங்கிவிட்டது.

எல்லோரும் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: “பன்ரெண்டு வோல்ட் தானே, அடிக்காது.” உண்மைதான், அடிக்காது. எரிக்கும்.

என் அம்ப் வந்த பெட்டியில் 1200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் பக்கவாட்டில் 20 அம்பியர் பியூஸ்கள் இரண்டு இருந்தன. ஆக 40 அம்பியர். என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 வோல்ட். பெருக்கினால் அம்புக்குள் போகக்கூடியது 552 வாட்ஸ். இந்த வகை அம்பில் பாதியளவு சூடாகப் போய்விடும். சத்தமாக வெளியே வருவது 300க்கும் குறைவு. பெட்டியின் பொய்யை விட்டுவிடுவோம், அது வியாபாரம். ஆனால், அந்த 40 அம்பியர் பொய்யல்ல. பற்றரியிலிருந்து டிக்கி வரை 5 மீற்றர் தூரத்தை அது ஒரு வயரால்தான் கடக்க வேண்டும்.

எனக்குப் பூட்டியிருந்தது வீடுகளில் 13 அம்பியர் பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். நல்ல செப்பு வயர் என்றே வைத்துக்கொள்வோம். 5 மீற்றருக்கு அதன் தடை 0.034 ஓம் அளவில் வரும். 40 அம்பியர் பாயும்போது அந்த வயரிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் விழுந்துவிடும். 55 வாட்ஸ் வெப்பம் தரைவிரிப்புக்குக் கீழே உருவாகும். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை என்பதால் சராசரி இதைவிடக் குறைவுதான். அதனால்தான் பெரும்பாலான வாகனங்கள் எரியாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே தூரத்துக்கு 20 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் விழுவது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு.

வயர் மெல்லியதாக இருப்பதைவிட அதில் பியூஸ் இல்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. “அம்பிலேயே பியூஸ் இருக்குத்தானே” என்பார்கள். அந்தப் பியூஸ் காப்பது அம்பை. வயர் பற்றரியிலிருந்து புறப்பட்டு, என்ஜினுக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டில் துளைத்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. அந்த ஓட்டைக்கு றப்பர் வளையம் போடாவிட்டால், ஒவ்வொரு குலுக்கலிலும் தகட்டின் விளிம்பு வயரின் தோலை உரசிக்கொண்டேயிருக்கும். எங்கள் உள்வீதிகளில் குலுக்கலுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் செம்பு இரும்பைத் தொடும். அப்போது மின்னோட்டம் அம்ப் வரை போகவே போகாது. பற்றரியிலிருந்து நேரே பொடிக்கு இறங்கும். ஸ்ராட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொடுக்கவே செய்யப்பட்ட பற்றரி அது. இதே தொடுகை வயரின் மறுமுனையில் நடந்து, 5 மீற்றர் 2.5 வயர் முழுவதிலும் 280 அம்பியர் ஓடினால் வெளிவரும் வெப்பம் இரண்டரைக் கிலோவாட்ஸுக்கு மேல். இரண்டு மூன்று அயன் பெட்டிகளை முழுச் சூட்டில் தரைவிரிப்புக்கு அடியில் வைத்ததுபோல. திறப்பை நிறுத்தினாலும் நிற்காது, ஏனென்றால் அந்த வயர் திறப்பின் வழியாக வரவில்லை.

இதைத் தடுக்க, பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் போதும். வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குப் பொருத்தமான பியூஸ். ஸ்பீக்கரின் விலையோடு ஒப்பிட்டால் பியூஸும் அதன் கூடும் சில்லறைக் காசு.

‘எர்த்’ என்று நாங்கள் சொல்வதன் கதை வேறு. வீட்டு எர்த் நிலத்துக்குள் போகிறது. வாகனத்தின் எர்த் நிலத்தைத் தொடுவதேயில்லை, நாலு ரயரும் றப்பர். இங்கே எர்த் என்பது வாகனத்தின் இரும்பு உடம்பு. பற்றரியின் எதிர்முனை அந்த உடம்போடு பூட்டப்பட்டிருப்பதால், மின் திரும்பி வரும் பாதை அதுதான். போன 40 அம்பியரும் அந்த வழியால் முழுதாகத் திரும்ப வேண்டும். ஆனால், நேர் வயரை வாங்கும்போது பேரம் பேசுபவர்கள்கூட எர்த் வயரைப் பற்றிப் பேசுவதில்லை. அருகில் கிடைத்த ஒரு நட்டுக்குக் கீழே பெயின்ற்றின் மேலேயே செருகி இறுக்கிவிடுவார்கள். சிலர் சீற் பெல்ற் பூட்டிய போல்ற்றிலேயே கொடுப்பார்கள். உயிரைக் காப்பதற்கென்று இறுக்கிய போல்ற்றைத் தளர்த்தி இடையில் ஒரு வளையத்தைச் செருகுவதென்பது கோயில் தேரின் அச்சாணியில் கொடி கட்டுவது மாதிரி.

பெயின்ற் மின்னைக் கடத்தாது, துருவும் கடத்தாது. துருவைப் பற்றி குடாநாட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வரும் வாகனத்தின் அடியைப் பார்த்தால் தெரியும். முதல்நாள் நன்றாக இருந்த எர்த் இரண்டு மாரிக்குப் பிறகு அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. இணைப்பில் 0.05 ஓம் தடை ஏறினாலே 40 அம்பியரில் 2 வோல்ட் அங்கே போய்விடும். அதாவது ஒற்றை நட்டில் 80 வாட்ஸ் சூடு.

இன்னொன்றும் நடக்கும். நேரான வழி அடைபட்டால் மின் வேறு வழி தேடும். செற்றிலிருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் மெல்லிய கேபிளின் வெளிவலை அதற்கு ஒரு வழி. அக்சிலேற்றரை அழுத்த அழுத்த ஸ்பீக்கருக்குள் ‘ஙீ...’ என்று ஒரு சத்தம் சுருதி ஏறிக்கொண்டு போவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஒல்ரனேற்றரின் துடிப்பு பாட்டுக்குள் கலக்கும் சத்தம் அது. பெரும்பாலும் எர்த் பிழை என்று வாகனமே சொல்லும் முறைப்பாடு. நாங்கள் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் ‘நொய்ஸ் பில்ரர்’ ஒன்றை வாங்கிப் பூட்டி அந்த வாயை அடைக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது, எனக்கு 1990களின் பொருளாதாரத் தடைதான் நினைவுக்கு வருகிறது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. ரோச் பற்றரிகூடக் கிடைக்காத காலம். ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளை நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்னில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள், பாட்டும் கேட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி நாங்கள் இன்றும் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும்.

ஆனால், சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட்ஸ். அது தருவது அரை அம்பியர். அந்த அரை அம்பியரை எந்த வயராலும் கொண்டுபோகலாம். முறுக்கிவிட்டால் போதும், ரேப் சுற்றாவிட்டாலும் ஒன்றும் நடக்காது. ‘கிடைக்கிறதை வைத்து ஒப்பேற்று’ என்ற பாடத்தை நாங்கள் படித்தது தவறுக்கு இடம்கொடுக்கிற ஒரு மின்னோட்டத்தில். இன்று அதே முறுக்கு, அதே ரேப், அதே துணிவோடு அதைவிட 80 மடங்கு மின்னோட்டத்தைக் கையாள்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, வாகனப் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து கிளிப் மாட்டி இன்வேட்டர் ஓட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். 600 வாட்ஸ் இன்வேட்டர் ஒன்று முழுச் சுமையில் 50 அம்பியருக்கு மேல் இழுக்கும். எத்தனை வீடுகளில் இடையில் பியூஸ் இருந்தது?

அந்தத் தடைக்காலத்தைத் தாண்டிய பழைய பிரித்தானியக் கார்கள் சில இன்றும் ஓடுகின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். அவற்றுக்குப் பாட்டுப் பூட்டும் தம்பிமார் ஒரு விடயத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருந்தது; இன்றைய வாகனங்களுக்கு நேர்மாறு. இன்றைய செற்றின் இரும்புக்கூடு எதிர்முனை. கூட்டை அந்தக் காரின் பொடியோடு சேர்த்து இறுக்கி நேர்முனையில் மின் கொடுத்தால், செற்றும் வயரும் ஒன்றாகப் போகும். பற்றரியை மாற்றிப்போட்டு டைனமோவை மறுபடி முனைப்படுத்திய கார்களும் உண்டு. ஆகவே, காரின் வயதை வைத்து முடிவெடுக்காமல் மீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கார்களில் பரவலாக இருந்த லூக்காஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவதே 22 அம்பியர். ஹெட்லைற்றும் போட்டபின் பெரிய அம்புக்கு அங்கே என்ன மிச்சமிருக்கும்?

பஸ்களில் பிழை வேறு மாதிரி. பெரிய பஸ்கள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பாட்டுச் செற்றும் அம்பும் 12 வோல்ட். இலகுவான வழி, இரண்டில் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் எடுப்பது. அது வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. அந்த ஒரு பற்றரி ஒவ்வொரு நாளும் மற்றதைவிட அதிகம் இறங்கும். ஒல்ரனேற்றரோ இரண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் ஏற்றுகிறது. விளைவாக ஒன்று ஒருபோதும் நிரம்பாது, மற்றது அளவுக்கு மிஞ்சி ஏறிக் கொதித்து வாயு கக்கும். அந்த வாயுவில் ஐதரசன் இருக்கிறது, எரியக்கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள்தான். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது. பற்றரி மாற்றும் செலவு மிச்சமாவதைப் பார்த்தால் முதலாளிக்கும் அது நட்டமில்லை.

புதிய ஹைபிரிட் கார்களில் கவனிக்க வேண்டியது ஒன்று. 12 வோல்ட் பற்றரியின் எதிர்முனைக் கிளிப்பில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சர் இருக்கும் கார்களில், அம்பின் எர்த்தைச் சென்சரைத் தாண்டி முனையிலேயே கொடுத்தால், எவ்வளவு மின் செலவாகிறது என்ற காரின் கணக்குப் பிழைத்துவிடும். செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் உயர் வோல்ட். அவற்றின் பக்கமே போகக்கூடாது.

சரி, இவற்றை யார் பார்க்க வேண்டும்? வாகன வருமான வரிப் பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை குழாயால் வெளிவருவதைத்தான் அளக்கும். வீதியில் மறிக்கும் பொலிஸார் விளக்கையும் சத்தத்தையும் பார்ப்பார்கள். என் கார் கருகியதற்கு முதலும் பிறகும் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தது. இலண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் தங்கள் கார் மூன்று வயதைக் கடந்தபின் வருடாவருடம் எம்ஓடி பரிசோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் வயர்களின் நிலையும், பற்றரி உறுதியாகப் பூட்டப்பட்டுள்ளதா என்பதும் பார்க்கப்படுகின்றன. அதே உறவினர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இங்கே வாடகைக்கு எடுக்கும் வானில், சீற்றைத் தூக்கிப் பார்ப்பவர் யாருமில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தாலும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. அதன் பொருள், 20, 30 வயது வாகனங்கள் இன்னும் பல வருடங்களுக்கு எங்கள் வீதிகளில் ஓடப்போகின்றன. ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு செற் கழற்றப்பட்டு இன்னொன்று பூட்டப்படும். பழைய வயரை யாரும் உருவி எடுப்பதில்லை. வெட்டிவிட்டுப் புதியதை அதன்மேல் இழுப்பார்கள். என் காரின் தரைவிரிப்பை முழுதாகத் தூக்கியபோது மூன்று தலைமுறை வயர்கள் கிடந்தன. ஒன்றில் இன்னும் மின் இருந்தது.

கடைத் தம்பிமாரைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பெரும்பாலானோர் இன்னொருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவர்கள். பார்த்துப் பழகியதில் ஓமின் விதி இருக்கவில்லை என்றால் அது அவர்களின் பிழையா? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் முறையும் நாட்டில் இருக்கிறது. ஏற்கெனவே தொழில் செய்பவர், கடையைப் பூட்டாமல் சனி ஞாயிறில் வந்து வயரின் அளவு, பியூஸ், எர்த் மூன்றையும் படித்துச் சான்றிதழோடு போகும் ஒரு குறுகிய வகுப்பை ஒழுங்குபடுத்துவது பெரிய காரியமல்ல. பஸ், வான்களின் தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனையில் ‘பற்றரியடியில் பியூஸ் உண்டா’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பதும் அப்படித்தான். கலர் விளக்கைக் கழற்றச் சொல்லும் உத்தரவோடு, அதன் வயரைப் பற்றரியடியிலிருந்தே கழற்ற வேண்டும் என்ற ஒரு வசனத்தைச் சேர்த்திருந்தால், அந்த நடத்துநர் பிளேட்டை எடுத்திருக்க மாட்டார்.

வாடிக்கையாளருக்கும் பங்குண்டு. ஸ்பீக்கரின் பெயருக்குக் காசு கொடுத்துவிட்டு வயரில் பேரம் பேசினேன். “இதே தடிப்பில வேற இருக்கு அண்ணை, பாதி விலை” என்று அவர் எடுத்துத் தந்ததை மறுக்கவில்லை. அது அலுமினியத்துக்குமேல் செப்பு பூசிய வயர் என்பது கருகிய பிறகுதான் தெரிந்தது. இழையொன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளேயும் சிவப்பாக இருப்பது செம்பு; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதன் தடை அதே அளவுச் செப்பு வயரினதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலே நான் போட்ட கணக்கெல்லாம் நல்ல செம்புக்கு.

இப்போது என் காரில் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ் இருக்கிறது. தகட்டு ஓட்டையில் றப்பர் வளையம் இருக்கிறது. எர்த்துக்கு டிக்கித் தரையில் ஓரிடத்தைத் தெரிந்து, இரும்பு மினுங்கும்வரை பெயின்ற்றைச் சுரண்டி, வளையத்தை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். அதற்கு முன்னர், என்ஜினை ஓடவிட்டுப் பாட்டைச் சத்தமாகப் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை அம்பின் எர்த் முனையிலும் வைத்துப் பார்த்தோம். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளி 1.1 வோல்ட் வரை போனது. இருக்க வேண்டியது 0.1, மிஞ்சினால் 0.2. இறுக்கிய பிறகு 0.08. அந்த ‘ஙீ’ சத்தமும் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓட்டோக்காரத் தம்பி மீற்றரை வாங்கிக்கொண்டு தன் ஓட்டோவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பின்சீற்றைத் தூக்கி வைத்துவிட்டு, “அண்ணை, இங்க வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டார்.